முன்பாரம்

மதாம் காரோன் நான்கு விரல்களை நீட்டிக் காட்டி, அவற்றில் ஒன்றை மடக்கினாள். "நாலு இருந்துச்சு முசியே. இப்ப மூணுதான் இருக்கு. ஒண்ண யாரோ ஒரு மடையன் தூக்கிட்டுப் போயிட்டான்." சொல்லிக்கொண்டே கிளிஃபர்ட் ஹோல்ராய்டின் நீள ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். காரின் பின்னால் இழுத்துவரும் கேரவன் வீடுகளை நிறுத்தும் அந்தத் திடலுக்குச் சொந்தக்காரி அவள்தான். காலையில் வாசலோரக் கொட்டகையில் ரொட்டி விற்பாள், ரொட்டியோடு ஊர்க்கதையும் இலவசம். கிளிஃபர்ட் கையை நீட்டியபடியே நின்றார். கை அந்தரத்தில் இருந்தது, ரொட்டி இன்னும் அவள் கையில் இருந்தது.

அவள் சொன்னது பழைய பீரங்கிக் குண்டுகளை. முதல் உலகச் சண்டை முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பக்கத்து நிலங்களில் உழவு போட்டால் பீட்ரூட்டோடு குண்டும் கிளம்பும். உழுகிறவன் அதை அலுங்காமல் எடுத்துக்கொண்டு வந்து வரப்போரத்து மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொல்வான். அரசாங்க ஆட்கள் ஒரு நாள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். குப்பை வண்டிக்குக் காத்திருப்பது போலத்தான். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதை இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை.

"என் கொழுந்தன் லூசியன் நெலந்தான் அது. இன்னிக்கு ஆளுங்க வராங்க. நாலுன்னு சொல்லி வெச்சிருக்கான், மூணக் காட்டுனா அவனத்தான கேப்பாங்க?" என்றாள் மதாம் காரோன். "போனதாவது நல்லதாப் போச்சா? மத்த மூணும் வெறும் இரும்பு மாதிரி கெடக்கும். அது ஒண்ண மட்டும் அவன் தள்ளி வெச்சிருந்தான். தூக்குனா உள்ள தண்ணி மாதிரி என்னமோ தளும்புதாம்."

"தண்ணியா?" என்றார் கிளிஃபர்ட்.

"தண்ணியா இருந்தா தேவலையே. விஷம், முசியே. காத்துல கலந்துச்சுன்னா நெஞ்சு உள்ளயே வெந்துபோயிடும். எங்க மாமனாரோட தம்பி அப்பிடித்தான் செத்தாரு, சண்டையெல்லாம் முடிஞ்சு எவ்வளவோ வருஷத்துக்கு அப்பறம்." ரொட்டியை அவர் கையில் வைத்தாள். "யாருன்னு நெனைக்கிறீங்க?"

அவர் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, ஆனால் வந்தது வேறு. "ச்சே! யாரா இருக்கும்?" என்றார். திருடனைத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நன்றி சொல்லி, நடந்தார். குண்டு அவருடைய கேரவனின் முன்பெட்டியில், சமையல் கேஸ் உருளைக்குப் பக்கத்தில் இருந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு மெல்லிய தடுப்புக்கு அப்பால், அவர் மனைவி ஹேசல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கிளிஃபர்ட் ஹோல்ராய்டைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஹாலிஃபாக்ஸ் நகரில் பேருந்து நிலையத்தில் பிரேக் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரின் பின்னால் கேரவனை மாட்டிவிட்டால், அதை மூன்று தடவை சுற்றி வராமல் வண்டியை எடுக்க மாட்டார். கொக்கி, சங்கிலி, விளக்கு, சக்கரம், மேல்ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொரு சுற்றிலும் கையால் தொட்டுப் பார்ப்பார். கேரவன் சங்கத்தில் அவருக்கு 'மூணு சுத்து' என்றே பெயர். ஹேசல் காரில் உட்கார்ந்து, "என்னப்பா, கோயில்ல பிரதட்சிணம் முடிஞ்சுதா?" என்று கேட்பாள். அவர் சிரிக்க மாட்டார். போன வருஷம் அவள் இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் கடைக்குப் போய்விட்டாள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆழம் பார்க்காமல் காலை விடாத மனிதர், ஒரு மாலைப் பொழுதில், வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார்.

பயணமே அவருடைய பிடிவாதம்தான். ஹேசலுக்கு இடுப்பு எலும்பு மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் கேட்டது கடற்கரை. அவர் கேட்டது பெர்சியின் பெயர். பெர்சி, அவருடைய தாத்தாவின் தம்பி. போருக்குப் போனான், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறை கிடையாது. தியெப்வாலில் இருக்கும் பெரிய நினைவுச் சின்னத்தில், காணாமல் போனவர்களின் பெயர்களோடு அவன் பெயரும் வெட்டியிருக்கிறது. பத்து வருஷமாக அவர் பெர்சியைப் பற்றித் தேடித்தேடிச் சேர்த்திருந்தார். அவன் படைப்பிரிவு, அவன் எண், எந்தக் காலையில் மற்றவர்களோடு வரிசை கட்டி எந்தச் சரிவில் ஏறினான், எல்லாம். சாப்பாட்டு மேஜையில் அவர் பெர்சி என்று ஆரம்பித்தால் ஹேசல் எழுந்து தட்டுக் கழுவப் போய்விடுவாள்.

அங்கே போய் நின்றபோது என்ன நடந்தது என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஹேசல் கால் வலி என்று காரிலேயே இருந்துவிட்டாள். அவர் மட்டும் போனார். பெயர் எந்தத் தூணில் என்று பார்த்துவைத்திருந்தார், தூணும் கிடைத்தது. ஆனால் பெயர் உச்சியில் எங்கேயோ இருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். ஹோ என்று ஆரம்பிக்கும் வரிசைகள் தெரிந்தன, கண் மங்கியது, அதுவா இதுவா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஆயிரம் ஆயிரமாகப் பெயர்கள். பக்கத்தில் ஒரு பெண் கைக்குட்டையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கேரவனின் கை பிரேக்கைச் சரியாக இழுத்தோமா என்ற நினைப்புத்தான் வந்தது. பத்து வருஷம் சேர்த்த பாசம் அந்தத் தூணடியில் காலி டப்பா போலக் கிடந்தது. அவமானமாக இருந்தது. காருக்குத் திரும்பி வந்து, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு" என்று ஹேசலிடம் சொன்னார்.

நேற்று மாலை தனியாக நடக்கப் போனபோது மின்கம்பத்தின் அடியில் அவற்றைப் பார்த்தார். துருப்பிடித்து, மண் அப்பி, மூன்று ஒன்றாகவும் ஒன்று சற்றுத் தள்ளியும் கிடந்தன. தள்ளிக் கிடந்ததைத் தொட்டார். சில்லென்று இருந்தது. இரண்டு கையாலும் தூக்கினார். அந்தக் கனம் தோள் வரைக்கும் ஏறியது.  நினைவுச் சின்னத்தில் வராத அழுகை இங்கே பீட்ரூட் வயலோரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், வந்தது. பெர்சி நின்ற மண்ணில் பெர்சியோடு கிடந்த ஏதோ ஒன்று. அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மழைக்கோட்டைக் கழற்றிச் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வரும்போது உள்ளே ஏதோ அசைந்தது. மழைத்தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தார்.

இன்னொன்றும் செய்தார், அதை நினைத்தால்தான் அவருக்கு இப்போது உடம்பு கூசியது. அதை எங்கே வைக்கலாம் என்று யோசித்தபோது, அவருடைய கேரவன் புத்தி முழித்துக்கொண்டது. இழுத்துப் போகும் வண்டிக்கு முன்பாரம் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பின்பக்கம் பாம்பு போல ஆடும். கேஸ் தீரத்தீர முன்பாரம் குறைந்துகொண்டு வந்தது, நாலு நாளாக அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. குண்டை முன்பெட்டியில் வைத்துத் தராசு பிடித்துப் பார்த்தார். முள் சரியாக வந்து நின்றது. கேஸ் உருளைக்கும் குண்டுக்கும் நடுவே உராயாமல் இருக்க ஒரு பழைய துண்டைச் செருகினார். பிறகு வழக்கம்போல மூன்று சுற்றுச் சுற்றினார். திருப்தியோடு தூங்கினார்.

இப்போது ரொட்டியோடு கேரவனை நோக்கி நடந்தார். ஓடலாம் என்று தோன்றியது, ஓடினால் தரை அதிருமோ என்று தோன்றியது. பைத்தியக்கார யோசனை, அவருக்கே தெரிந்தது, ஆனாலும் கால் மெதுவாகத்தான் போனது. வழியில் நெதர்லாந்துக்காரக் குடும்பம் ஒன்று கூடாரத்தின் முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. கெண்ட் மாவட்டத்துக் கிழவர் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காத்து இன்னிக்கு" என்றார். காற்று என்ற சொல்லைக் கேட்டதும் கிளிஃபர்ட் நின்றார். எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்தார். வயல் பக்கமிருந்து வந்து, அவருடைய கேரவனைத் தொட்டு, கூடாரங்கள் மேல் போனது.

கேரவனின் திரை விலகியிருந்தது. ஹேசல் எழுந்துவிட்டாள். அவர் படியேறவில்லை. கீழே நின்றபடியே கூப்பிட்டார்.

"ஹேசல். கொஞ்சம் வெளிய வா."

"எதுக்கு?"

"சும்மா. ஒரு பறவ காட்டுறேன்."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பறவையா? நாப்பது வருஷத்துல ஒரு காக்காவக்கூட நீ எனக்குக் காட்டுனதில்ல. ரொட்டியக் குடு, கால் வலிக்குது."

"ஹேசல், வெளிய வா." குரல் உடைந்துவிட்டது. அவள் வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கைத்தடியை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் கேரவன் லேசாக ஆடுவதை அவர் பார்த்தார். பத்து வருஷமாக ஆடும் கேரவன்தான். கை கொடுத்தார். அவளைத் துணி துவைக்கும் கட்டடத்தின் பின்பக்கம் வரை நடத்திக்கொண்டு போனார். செங்கல் சுவர் ஒன்று நடுவில் வந்த பிறகுதான் பேச முடிந்தது.

முழுக்கச் சொன்னார். மறைத்து ஒன்றும் பிரயோஜனமில்லை. அவள் இடையில் மூன்றே கேள்விதான் கேட்டாள்.

"கேஸ் சிலிண்டர் பக்கத்துலயா?"

"ஆமா."

"என் தலமாட்டுலயா?"

"ஆமா."

"ராத்திரி பூராவுமா, கிளிஃப்?"

அவர் தலையை ஆட்டினார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இஸ்திரிப்பெட்டி" என்றாள். அவ்வளவுதான். பிறகு, "எதுக்கு எடுத்த?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல அவர் வாய் திறந்தபோது விசில் கேட்டது. மெல்லியதாக ஆரம்பித்து, ஏறி, அவர்களுடைய கேரவனிலிருந்து நேராக வந்தது. டீக்கு ஹேசல் கெட்டிலில் வைத்த தண்ணீர் கொதித்துவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்பெட்டி உருளையிலிருந்து குழாய் வழியாக வரும் கேஸில் எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "போகாத" என்றாள் ஹேசல். "எரியட்டும். சிலிண்டர் தீந்தா தானா அணைஞ்சிடும். கெட்டில் உருகுனா உருகட்டும். கிளிஃப், சொல்றதக் கேளு."

"கெட்டில் உருகுனா திரையில பத்திக்கும்" என்றார் அவர். அவள் அவருடைய சட்டையைப் பிடித்தாள். கைத்தடி கீழே விழுந்தது. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார், அவள் விரல்களுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அவருக்குத் தெரியாது. பின்னால் அவள் அவர் பேரைச் சொல்லிக் கத்தியது விசிலோடு கலந்து கேட்டது.

படியேறினார். உள்ளே போனார். அடுப்பின் குமிழைத் திருகினார். விசில் இறங்கி இறங்கி அடங்கியது. அடங்கிய பிறகு வந்த அமைதி அதைவிட மோசம். முன்பக்கப் படுக்கையில் ஹேசலின் தலையணையில் தலை இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் அது இருந்தது. ஏதாவது வாசனை வருகிறதா என்று மூச்சை இழுக்கப் போனவர், பயந்து மூச்சை அடக்கிக்கொண்டார். சாக விருப்பமில்லை. எழுபத்தொரு வயதில், இடுப்பு வலிக்காரி ஒருத்தியோடு, மழைக்கால ஹாலிஃபாக்ஸில் இன்னும் பல வருஷம் டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கு வெறி போல ஆசை வந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் அவர் கை அதுபாட்டுக்கு மேல்ஜன்னலின் தாழ்ப்பாளைத் தொட்டது. பிறகு குளிர்பெட்டிக் கதவைத் தொட்டது. பிறகு அலமாரிக் கொக்கிகளை. நிறுத்த முடியவில்லை. உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது, கை மட்டும் வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. கடைசியில் ஹேசலின் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பையை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. "பைய எடுக்குறதுக்கு நேரம் இருந்துச்சா உனக்கு?" என்றாள்.

கொட்டகைக்குத் திரும்பிப் போனதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் ரொட்டிக்கு நின்றிருந்தார்கள். அவர் வரிசையில் நின்றார், பழக்கம் அப்படி. முன்னால் நின்ற பெண் சில்லறை தேடினாள். தன்னால்தான் இத்தனை பேரும் இந்தக் காற்றில் நிற்கிறார்கள் என்று நினைத்தபோது அவரால் முடியவில்லை. வரிசையைத் தாண்டி முன்னால் போனார். வாழ்க்கையில் முதல் தடவை.

"மதாம். அந்த மடையன் நான்தான்."

மதாம் காரோன் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க?" என்றாள். அவர் சொன்னார். அவள் திட்டவில்லை, தொலைபேசியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் கையில் இல்லை. குண்டு அள்ளும் ஆட்கள் எப்படியும் அன்றைக்கு வருகிறவர்கள்தான், வழியிலேயே இருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு இளம் பெண் காவலர் வந்தாள். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிக் காற்றைப் பார்த்தாள். சாலை வேண்டாம், காற்று அந்தப் பக்கம்தான் போகிறது, எல்லோரும் தூரமாகச் சுற்றி, காற்று வரும் எதிர்ப்பக்க வயலுக்குள் போங்கள் என்றாள். "ஓடாதீங்க. வழுக்கி விழுந்தா இன்னும் கஷ்டம். நிதானமா நடங்க." பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், துண்டோடு இருந்தவர்கள், நாய்க்காரர் எல்லோரும் கிளம்பினார்கள். பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. நெதர்லாந்துக்காரத் தகப்பன் தன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளிஃபர்டைக் கடந்து போனான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே கனம் அவர் மடியில், பயம் ஊரார் வழியில்.

வரப்பில் லூசியன் நின்றிருந்தான், ரப்பர் பூட்ஸ் போட்ட தடித்த மனிதன். அவனுக்கு உயிர் போனாலும் பயிர் போகக் கூடாது. "சாலுக்கு ஒருத்தரா போங்க! செடிய மிதிக்காதீங்க! சாலுக்கு ஒருத்தர்!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். அதனால் எல்லோரும் பக்கவாட்டில் பரவி, ஆளுக்கு ஒரு உழவுச் சால் பிடித்து, முதுகைத் திடலுக்குக் காட்டிக்கொண்டு, மேட்டு நிலத்தில் மெதுவாக ஏறினார்கள். இரவு மழை பெய்திருந்தது. களிமண் அடிக்கு அடி செருப்பில் அப்பி, கால் கல்லாகக் கனத்தது.  வெயில் நன்றாக அடித்தது. கிளிஃபர்டின் முதுகுத் தோல் முழுக்க விழித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அதைத் தோல்தான் முதலில் கேட்கும் போலிருந்தது.

ஹேசல் பக்கத்துச் சாலில் வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கைத்தடி மண்ணில் புதைந்து புதைந்து வந்தது. பாதி வழியில் அவளுடைய வலது செருப்பு களிமண்ணில் மாட்டிக்கொண்டது, கால் மட்டும் காலுறையோடு வெளியே வந்தது. அவர் செடியைத் தாண்டி அவள் சாலுக்குப் போய்க் குனிந்தார். செருப்பு வரவில்லை. பெண் காவலர் பின்னாலிருந்து, "விடுங்க, போங்க, போங்க" என்றாள். ஹேசல் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவர் தோளில் கையைப் போட்டாள். லூசியன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இருவரும் ஒரே சாலில் நடந்தார்கள்.

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

"அந்தப் பையன்" என்றாள் ஹேசல். அவளுக்கு மூச்சு வாங்கியது. "பெர்சி. அவனுக்கு என்ன வயசு?"

பத்து வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. கிளிஃபர்ட் வாய் திறந்தார்.  படைப்பிரிவு, எண், தேதி, சரிவு, எல்லாம் தலைகீழாகத் தெரிந்த மனிதர். தேடினார். ஒன்றும் இல்லை. மண்ணும், இரண்டு பக்கம் ஈர இலைகளும், தோளில் அவள் கையும்தான் இருந்தன.

"தெரியல" என்றார். "தெரியல, ஹேசல்."

அவள் கை இறுகியது. அப்போது கீழே திடலில் முன்பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அதை அவர் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வார். யாரும் நில் என்று சொல்லவில்லை. இருந்தாலும், அந்த மேட்டில் வயலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஆளுக்கொரு சாலில், எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. தோளைக் குறுக்கி, தலை குனிந்து, முட்டியளவு இலைகளுக்கு நடுவே அப்படியே நின்றார்கள்.